அப்பா வைத்த சிவப்புப் பொட்டு

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரின் முன்தகட்டில், வால்யூம் குமிழுக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. அக்காவின் நகப்பூச்சை வாங்கி அப்பா வைத்தது. குமிழின் வெள்ளைக் கோடு அந்தப் பொட்டைத் தொடும்வரை திருப்பலாம், தாண்டக் கூடாது. தாண்டினால் ஆசாரத்து (முன்கூடத்து) ஓடு அதிரும், உள்ளே படுத்திருக்கும் ஆத்தாவுக்கு (பாட்டிக்கு) தூக்கம் கெடும். 1987இல் செட்டு வீட்டுக்கு வந்த முதல் வாரமே போட்ட சட்டம். ஆத்தா போய்விட்டார், அப்பாவும் போய்விட்டார், ஓட்டையும் ஒரு தரம் பிரித்து மேய்ந்தாகிவிட்டது. பொட்டு அப்படியே இருக்கிறது.

அந்தச் செட்டுக்குப் புளூடூத் வைத்த கதை இது. உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஒரு செட்டு துணி போர்த்திக் கிடந்தால், அதை எடைக்குப் போடும் முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் தோட்டம் கோபிக்குப் பக்கம், கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். மஞ்சள் வைத்தால் வெட்ட ஒன்பது பத்து மாசம் ஆகும். வெட்டி, வேகவைத்து, களத்தில் காயப்போட்டு, மெருகேற்றி, ஈரோட்டு மண்டிக்குக் கொண்டுபோய், விலைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வருஷம் அப்பாவுக்கு நல்ல விலை கிடைத்தது. மண்டிக் கணக்கை முடித்து, பணத்தைப் பட்டாப்பட்டி டவுசர் பையில் வைத்துக்கொண்டு நேராக ஒரு ரேடியோக் கடைக்குப் போயிருக்கிறார். அந்தக் காலத்தில் கடைக் கண்ணாடிக்குள் சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் எல்லாம் மினுமினுவென்று அடுக்கியிருக்கும். அப்பா கம்பெனி செட்டு வாங்கவில்லை. கடைக்காரரே பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபையர், தேக்குப் பலகையில் அடித்த இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், தனியாக ஒரு கேசட் டெக். உள்ளே பக்கத்துக்கு இரண்டாக 2என்3055 டிரான்சிஸ்டர். அந்தக் காலத்து அசெம்பிள் செட்டுகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த நம்பர் சொந்தக்காரர் பேர் மாதிரி.

கேசட் டெக்தான் முதலில் படுத்தது. டெக்கின் ரப்பர் பெல்ட் முப்பது வருஷத்தில் உருகித் தார் மாதிரி ஆகி, சக்கரமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து பதிவு செய்து வாங்கிய 90 நிமிஷக் கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. பாட்டுப் போட ஆள் இல்லாமல் செட்டும் நின்றுவிட்டது. அம்மா போனிலேயே பாட்டுக் கேட்க ஆரம்பித்தார். காலையில் சொம்புக்குள் போனைப் போட்டு வைப்பார், சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நானிருப்பது கோயமுத்தூரில், பம்ப் கம்பெனியில் வேலை. மோட்டார் தெரியும், சாலிடரிங் தெரியும், ஆடியோ புதுசு. அதனால் முதலில் மெக்கானிக் கடைக்குத்தான் செட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பார்த்த உடனே சொன்னார்: "ஏனுங்க தம்பி, இந்த முன்னாடித் தகட்டை வெட்டி யு.எஸ்.பி. பேனல் வெச்சுத் தந்தறனுங்க. புளூடூத், எஃப்.எம்., ரிமோட் எல்லாம் வந்துருமுங்க." தகட்டில் பென்சிலால் கட்டம்கூடப் போட்டுவிட்டார். கட்டத்தின் ஒரு மூலை அந்தச் சிவப்புப் பொட்டின் மேல் விழுந்தது. செட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் எங்கள் சித்தப்பா வீட்டில் இப்படி வெட்டிய செட்டு ஒன்று இருக்கிறது. கிரைண்டர் வைத்துத் தகட்டை அறுத்து, டெக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் பேனலைத் திருகி வைத்தார்கள். ஒரு வருஷத்தில் பேனல் செத்தது. அதே அளவில் வேறு பேனல் கிடைக்கவில்லை. இப்போது அந்தச் செட்டின் முகத்தில் ஒரு ஓட்டை, அதில் பல்லிதான் குடியிருக்கிறது. புளூடூத் போர்டு என்பது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மாறுகிற சரக்கு. 37 வருஷம் உழைத்த பொருளை அதற்காக அறுக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வெளியே வைத்து, ஒரு ஒயரால் இணைத்து, வேண்டாமென்றால் பிடுங்கிவிடுகிற மாதிரிதான் செய்ய வேண்டும்.

செட்டைத் திறந்தேன். திறக்கும் முன் கரண்டைப் பிடுங்கி அரை மணி நேரம் விட்டேன், பெரிய கெபாசிட்டர்களில் கரண்டு தங்கியிருக்கும். உள்ளே ஒரு விரற்கடைக்குத் தூசி, டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் காய்ந்துபோன குளவிக்கூடு. பிரஷ்ஷால் எல்லாம் தட்டி எடுத்த பிறகு பார்த்தால், இரண்டு 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களில் ஒன்றின் தலை உப்பியிருந்தது. செட்டைப் போட்டதும் பாட்டே இல்லாமல் "ம்ம்ம்ம்" என்று கேட்ட ஹம்மிங்குக்குக் காரணம் அதுதான். நம் ஊர் கரண்டு 50 ஹெர்ட்ஸ், டயோடு தாண்டி வரும்போது அலை 100 ஹெர்ட்ஸாகும், அதை மட்டமாக்குகிற வேலை இந்தக் கெபாசிட்டருடையது. இரண்டையும் மாற்றினேன். வால்யூம் குமிழில் கரகரப்பு இருந்தது, கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது நாற்பது தரம் முன்னும் பின்னும் திருப்பியதும் போய்விட்டது. ஸ்பீக்கருக்கு நல்ல காலம், கூம்பின் விளிம்பு துணி மடிப்பு. விளிம்பு ஃபோமாக இருந்திருந்தால் இந்நேரம் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். பழைய செட்டை எடுப்பவர்கள் முதலில் அந்த விளிம்பைத்தான் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி, எங்கே சொருகுவது. பின்பக்கம் போனோ (இசைத்தட்டுக்கு), ஆக்ஸ் (வேறு கருவிகளுக்கு), டேப் (கேசட் டெக்குக்கு) என்று மூன்று இடம். இதில் போனோவைத் தொடவே வேண்டாம். கவுந்தப்பாடியில் இருக்கிற என் மச்சான் நான் செய்வதைக் கேள்விப்பட்டு அவர் வீட்டுச் செட்டில் போனோவில் சொருகிவிட்டு போன் போட்டார். "மாப்ள, பாட்டு வருது. ஆனா பானைக்குள்ள தலைய உட்டுக் கத்தறாப்ல இருக்குது" என்றார். இசைத்தட்டு ஊசியிலிருந்து வருவது 5 மில்லிவோல்ட் அளவுதான், அதை நூறு மடங்கு பெருக்குவதற்கு என்றே உள்ள வாசல் அது. போதாததற்கு, இசைத்தட்டில் பள்ளம் அகலமாகிவிடாமல் இருக்கக் கனத்த ஒலியைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். போனோ வாசல் அதைத் திரும்ப ஏற்றிக் கொடுக்கும். புளூடூத் போர்டிலிருந்து அரை வோல்ட், முக்கால் வோல்ட் என்று வந்து விழுந்தால் இரண்டும் சேர்ந்து காதைப் பிளக்கும். மச்சானை ஆக்ஸுக்கு மாற்றச் சொன்னேன், சரியாகிவிட்டது.

எங்கள் செட்டில் ஆக்ஸ் சாக்கெட் துருப்பிடித்துத் தளர்ந்து கிடந்தது. மிச்சம் இருந்தது டேப். அது ஐந்து முள் உள்ள வட்டமான டின் (டி.ஐ.என்.) சாக்கெட், ஜெர்மன்காரர்கள் வகுத்த தரம். இப்போது பார்ப்பவர்கள் அதைக் கண்டு பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. நடுமுள் 2, அதுதான் கிரவுண்டு. 3இலும் 5இலும் டெக்கிலிருந்து பாட்டு உள்ளே வரும், 3 இடது, 5 வலது. 1ம் 4ம் ஆம்ப்ளிஃபையரிலிருந்து டெக்குக்குப் பதிவுக்காகப் போவது, அவற்றை விட்டுவிடலாம். அசெம்பிள் செட்டு என்பதால் மல்டிமீட்டர் வைத்து ஒரு தரம் சரிபார்த்துக்கொண்டேன், கடைக்காரர் தரம் மாறாமல்தான் போட்டிருந்தார்.

டின் பிளக் சாலிடர் செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. முள்ளைப் பிடித்திருப்பது வெறும் பிளாஸ்டிக். அயர்ன் முனை இரண்டு விநாடிக்கு மேல் பட்டால் பிளாஸ்டிக் இளகி முள் சாய்ந்துவிடும், பிறகு சாக்கெட்டுக்குள் போகாது. எனக்கு முதல் பிளக் அப்படித்தான் போனது. இரண்டாவதை ஒரு உதிரி சாக்கெட்டில் சொருகி வைத்துக்கொண்டே சாலிடர் செய்தேன். சாக்கெட் முள்ளை நேராகப் பிடித்துக்கொள்ளும், சூட்டையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். ஒயரின் நுனியில் முதலிலேயே ஈயம் ஏற்றி வைத்திருந்தால் ஒரு தொடலில் ஒட்டிவிடுகிறது.

போர்டு, தீப்பெட்டியில் பாதி இருக்கும். காந்திபுரத்தில் 180 ரூபாய்க்கு வாங்கினேன். வெளியே தெரியாமல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு அதை ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே வைத்து, செட்டின் சப்ளையிலிருந்தே 7805 என்ற வோல்டேஜ் குறைக்கும் சிப் வழியாக 5 வோல்ட் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தொல்லை வந்தது.

ஒன்று, தூரம். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, 79 அலைவரிசைகளுக்குள் விநாடிக்கு 1600 தரம் தாவித் தாவி. எவ்வளவு தாவினாலும் இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் அலை வெளியே வர வழியில்லை. போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா, அதைச் சுற்றிலும் தகடு. போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாலே பாட்டு விக்கியது.

இன்னொன்று, இரைச்சல். பாட்டு நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் "கிர்ர்ர்... டிக் டிக்... கிர்ர்ர்" என்று ஒரு சில்வண்டு. போன் தேடும்போது ஒரு ராகம், இணைந்த பிறகு வேறு ராகம். ஒயரை மாற்றினேன், ஷீல்டு ஒயர் போட்டேன், போர்டையே மாற்றினேன், போகவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. கடைசியில் ஒரு ராத்திரி, போர்டுக்குப் போகும் 5 வோல்ட் ஒயர்கள் இரண்டையும் கழற்றிவிட்டு பவர் பேங்கிலிருந்து கரண்டு கொடுத்துப் பார்த்தேன். சில்வண்டு நின்றுவிட்டது. காதை ஸ்பீக்கர் துணியில் ஒட்டிக் கேட்டேன், சுத்தமான அமைதி, அதற்குப் பின்னால் வாய்க்கால் மேட்டுத் தவளைச் சத்தம் மட்டும்.

காரணம் இதுதான். போர்டுக்குள் இருக்கும் சிப் விநாடிக்குப் பல ஆயிரம் தரம் கரண்டைக் குடித்துக் குடித்து நிறுத்தும். அந்தக் கரண்டு சப்ளைக்குத் திரும்பிப் போகும் பாதையும், பாட்டின் கிரவுண்டும் ஒரே ஒயராக இருந்தால், அந்த ஒயரின் சின்னத் தடையில் சின்னதாக ஒரு வோல்டேஜ் உண்டாகும். ஆம்ப்ளிஃபையருக்கு அது பாட்டா, இரைச்சலா என்று தெரியாது, பெருக்கித் தந்துவிடும். போர்டின் சப்ளை ஆம்ப்ளிஃபையரின் சப்ளையிலிருந்து அடியோடு பிரிந்திருக்க வேண்டும். உள்ளேயே வைத்துத்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு பி0505எஸ் என்று ஒரு பொடிக் கறுப்புக் கட்டை கிடைக்கிறது. 5 வோல்ட் வாங்கி, கிரவுண்டைப் பிரித்து 5 வோல்ட் தரும். காரில், டெம்போவில் செட்டு வைக்கிறவர்களுக்கும் இதே சில்வண்டுதான், இதே மருந்துதான்.

நான் போர்டை வெளியே எடுத்துவிட்டேன். டிரங்குப் பெட்டியிலிருந்து காலிக் கேசட் உறை ஒன்றை எடுத்தேன். அளவெடுத்துச் செய்ததுபோல் போர்டு அதற்குள் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது. மேசை டிராயரில் கிடந்த பழைய 9 வோல்ட் அடாப்டரைக் கொடுத்தேன், கையில் எடுத்தால் கனக்குமே, உள்ளே நிஜ டிரான்ஸ்ஃபார்மர் வைத்தது, அந்த வகை. அதோடு ஒரு 7805. இப்போது அந்தக் கேசட் உறை, ஓடாத டெக்கின் தலைமேல் இருக்கிறது. திண்ணை தாண்டி களத்தில் நின்றாலும் பாட்டு விக்குவதில்லை.

வேலை முடிந்தது என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குமிழைப் பொட்டு வரைக்கும் திருப்பினார். பாட்டு எழுந்து கத்தியது. ஓடு நிஜமாகவே அதிர்ந்தது. அம்மா சட்டென்று குறைத்துவிட்டு, குமிழையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா வெச்ச எடந்தான கண்ணு? ஏ இப்பிடிக் கத்துது?"

போனில் சத்தத்தைக் குறைத்தால் போகிறது என்று சொல்லலாம். அது சரியான வழியில்லை. போர்டின் சொந்த இரைச்சல் எப்போதும் ஒரே அளவுதான். போனில் பாட்டைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரில் ஏற்றினால் இரைச்சலும் கூட ஏறும். போனில் முழுசாக வைத்து, செட்டில் குறைப்பதுதான் முறை. அதோடு, அம்மா போனுக்கு ஒரு அளவு, அக்கா போனுக்கு ஒரு அளவு என்றால் பொட்டுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

போனில் 100 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை ஓடவிட்டு, சத்தத்தை முழுசாக வைத்து, போர்டின் வாயில் மல்டிமீட்டர் வைத்தேன். 0.8 வோல்ட் காட்டியது. அப்பாவின் டெக் இவ்வளவு கொடுத்திருக்க வழியில்லை, டின் சாக்கெட் காலத்து டெக்குகள் பல அதில் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் போட்டேன். பாட்டு வரும் வழியில் 10 கிலோ ஓம், அதைத் தாண்டிய இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம். மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும், கால் வோல்ட்டை ஒட்டி. நான்கு ரெசிஸ்டரும் சேர்த்து இரண்டு ரூபாய் ஆகியிருக்கும். இந்த மொத்த வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

ஒலியின் தரம் பற்றிக் கேட்பவர்களுக்கு. சி.டி.யில் விநாடிக்கு 1411 கிலோபிட் ஓடுகிறது. புளூடூத்தில் எல்லாக் கருவியும் கட்டாயம் பேச வேண்டிய எஸ்.பி.சி. என்ற, பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையில் அதிகபட்சமாக வழக்கத்தில் உள்ளது 328. சோனியின் எல்.டி.ஏ.சி. 990 வரை போகும், ஆனால் போர்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஹெட்ஃபோனில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வித்தியாசம் முக்கியமாக இருக்கலாம். ஓட்டு வீட்டு ஆசாரத்தில், எட்டு அங்குல ஸ்பீக்கரில், என் காதுக்கு எஸ்.பி.சி.யே போதும். கெடுப்பது வேறு: வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி நைந்துபோன பாட்டு ஃபைல்கள். நல்ல ஃபைலாகப் போடுங்கள், முறையைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். டிவியை இந்த வழியில் இணைத்துப் படம் பார்க்க நினைக்க வேண்டாம். ஒலி கால் விநாடிக்குக் கொஞ்சம் குறையப் பின்தங்கி வரும், வாயசைவு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம். பாட்டுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு எச்சரிக்கை: இந்த மலிவுப் போர்டுகள் பலவற்றில் பின் நம்பர் கிடையாது, முதலில் பிடிக்கிற போனோடு ஒட்டிக்கொள்ளும். தோட்டத்து வீட்டில் பிரச்சினையில்லை. கோயமுத்தூர் அப்பார்ட்மென்டில் வைப்பதாக இருந்தால் கேட்காதபோது அடாப்டரை அணைத்து வையுங்கள்.

அக்கா பையன் கேட்டான், பேர் ஏன் நீலப் பல்லு என்று. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்ற ராஜாவின் பட்டப்பேர் அது. பிரிந்து கிடந்ததை ஒன்றாகச் சேர்த்தவர் என்று அவர் பேரை வைத்தார்கள். எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஐந்தும் 1998இல் கூடி ஆரம்பித்த கூட்டமைப்பு இது. போனில் தெரிகிற அந்தக் குறி, அவர் பேரின் எச், பட்டப்பேரின் பி என்ற இரண்டு முதலெழுத்தையும் வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்தில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தது. பையன் தன் நோட்டில் அதை வரைந்து பார்த்துக்கொண்டான்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலை 5 மணி, ஆசாரத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. அம்மா இருட்டிலேயே வந்து சுவிட்சைத் தட்டினார். ஸ்பீக்கர் "டொப்" என்று விழித்தது. போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து பாட்டைச் சொன்னார், பாட்டு வந்தது, கை குமிழைத் திருப்பி நிறுத்தியது. அம்மா பால் சொம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போன பிறகு நான் எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைக் கோடு பொட்டின்மேல் நின்றது.

வாசலுக்கு வந்து, "கேக்குதுங்ளாம்மா?" என்றேன்.

கட்டுத்தரையிலிருந்து குரல் வந்தது: "நல்லாக் கேக்குது கண்ணு. நீ ஒண்ணையும் தொடாத."